முதல் அழுத்தத்துக்கு முன் சில வார்த்தைகள்

ஜன்னல் பக்கம் வேண்டுமானால் மாறி உட்கார்ந்துகொள்ளுங்கள், சார். எனக்கு ஒன்றும் இல்லை. வேண்டாமா? சரி. முதல் தடவை என்றால் நடு இருக்கைதான் நல்லது, இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். பனி விலகினால்தான் எடுப்பார்களாம். இப்போதுதான் அறிவித்தார்கள். கதவுகூட இன்னும் மூடவில்லை. அதனால் கைப்பிடியை இப்போதே அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

பயப்படாதீர்கள். இந்த மாதிரி விமானங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதோ, இறக்கைக்குக் கீழே என்ஜின் தொங்குகிறதே, அதன் வாயைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் இருக்கிறதா? உதடு மாதிரி? நாங்கள் அதை உதடு என்றேதான் சொல்வோம். அது முதலில் தட்டையான அலுமினியத் தகடாகத்தான் இருந்தது. அச்சில் வைத்து, மேலேயிருந்து பிரஸ் இயந்திரம் இறங்கி, அழுத்தி அழுத்தி அந்த வளைவுக்குக் கொண்டுவருவார்கள். அழுத்தும்போது தகடு நீளும். நீளும், நீளும், ஓர் எல்லை வரைக்கும் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கிழியும்.

அந்த எல்லை எங்கே என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை. பிரஸ் இறங்குவதற்கு முன்பே, இது இந்த இடத்தில் கிழியும் என்று நான் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் ஒரு தொழிற்சாலை. விமானத்துக்கு வேண்டிய தகட்டு உறுப்புகள் செய்கிறோம். என் பெயர் ஞானசம்பந்தம். அங்கே எல்லாருக்கும் சம்பந்தம் சார்.

என் மனைவி சொல்வாள், "நல்லது நடக்கும்னு சொல்ற ஜோசியர் எல்லாம் மரத்தடியில உக்காந்திருக்காங்க. இவரு கெட்டது நடக்கும்னு சொல்லி ஏசி ரூம்ல மாசச் சம்பளம் வாங்குறாரு." நானும் சிரிப்பேன். பிறகு தனியாக உட்கார்ந்து யோசிப்பேன். யோசிப்பது என் சுபாவம், சார். ஒரு விஷயம் நடந்தால் அதில் என் தப்பு என்ன என்று தேடிக்கொண்டே இருப்பேன். எல்லாப் பக்கமும் தேடுவேன். ஒன்றையும் விட மாட்டேன்.

நீங்கள் பொள்ளாச்சி, கொப்பரை வியாபாரம் என்றீர்கள் இல்லையா, உங்களுக்குச் சுலபமாகப் புரியும். வீட்டில் தேங்காய் பர்பி செய்வார்கள். கிளறி இறக்கித் தட்டில் கொட்டியதும் சட்டென்று வில்லை போட வேண்டும். கொஞ்சம் விட்டால் இறுகிவிடும். கத்தி வைத்தால் உடையும். எங்கள் தகடும் அப்படித்தான். சூளையில் வைத்து, தண்ணீரில் முக்கி எடுத்ததும் குழந்தை மாதிரி மென்மையாக இருக்கும், சொன்னபடி வளையும். சும்மா வைத்திருந்தால் தானாகவே இறுக ஆரம்பித்துவிடும். அதனால் ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். குளிரில் அப்படியே தூங்கும். வெளியே எடுத்தால் அரை மணிக்குள் அழுத்திவிட வேண்டும். இது விதி. எங்கள் இடத்தில் ஒருநாளும் இந்த விதியை மீறியதில்லை. அதில் நான் மிகவும் கண்டிப்பானவன். என் பேச்சையே இருபத்தைந்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன பேச்சா? அதைச் சொல்லவில்லையே.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஓர் உறுப்பு வந்தால் முதல் அழுத்தத்துக்கு முன் தகட்டை மேசைமேல் கிடத்துவோம். ஆளாளுக்கு மார்க்கர் பேனாவால் அதில் ஒரு புள்ளி வைப்பார்கள். இங்கேதான் கிழியும் என்று அவரவர் நினைக்கிற இடத்தில். பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. கிழிந்தால், யார் புள்ளி தூரமாக இருக்கிறதோ அவர் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். கிழியாவிட்டால் அச்சு வடிவமைத்தவர் வாங்கித் தர வேண்டும், சந்தோஷத்துக்காக. அந்த வழக்கம் நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. நான் சேர்த்தது ஒன்றுதான். புள்ளி வைப்பதற்கு முன்னால், எதை வைத்து வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டாமா? அதற்காக நான் சில வார்த்தைகள் பேசுவேன். தகட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, தகட்டைக் காட்டியே பேசுவேன். உலோகத்துக்குள் என்ன நடக்கிறது, எண்ணெய் தடவுவது ஏன், ஓரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் நான் கண்டது என்ன என்று.

ஆவலாகக் கேட்பார்கள். பிரஸ் ஓட்டுகிற முனிரத்தினம் இருக்கிறாரே, அவர் சுவரில் இருக்கிற கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நேரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. ஒருமுறை அவராகவே சொன்னார், "சார், நீங்க பேசுங்க சார், பிரஸ் எங்கயும் ஓடிடாது. தகடுதான்..." என்று இழுத்தார்.

"தகடும் ஓடாது, முனிரத்தினம்" என்று நான் முடித்துவைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகைச்சுவை உணர்வு குறைவு.

என் கணிப்பு எப்படி என்று கேட்டீர்களானால், பெருமைக்காகச் சொல்லவில்லை, முதல் அழுத்தத்தில் கிழியும் என்று நான் சொன்னது பெரும்பாலும் கிழிந்திருக்கிறது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சரியாக வந்துவிடும். அச்சு பழகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன். புதுச் செருப்பு மாதிரி.

இப்போது இந்த உதட்டுக்கு வருகிறேன். என் மனக்குறையே இதில்தான் இருக்கிறது.

போன வருஷம் எங்களுக்கு உதடு வந்தது. அதுவரை நாங்கள் செய்தது எல்லாம் சின்னச் சின்ன வளைவு. இது ஆழம். தகட்டை இவ்வளவு ஆழத்துக்கு நாங்கள் இழுத்ததே இல்லை. வாடிக்கையாளர் பெரிய இடம். மூன்று தகடு கொடுத்தார்கள். விலை உயர்ந்த தகடு, நான்காவது கிடையாது. இந்த மூன்றில் ஒன்றாவது கிழியாமல் வந்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும். இந்த ஆர்டரை நம்பித்தான் புதுப் பிரஸ்ஸே வாங்கியிருந்தார்கள். இந்த ஆர்டரை நம்பித்தான் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து புதிதாக ஆள் எடுத்திருந்தார்கள்.

அச்சை வடிவமைத்தது ஃபர்ஸானா. வாணியம்பாடிப் பெண். கெட்டிக்காரி. என் மகள் வயதுதான், ஆனால் என் மகளைவிட அதிகமாக என்னோடு சண்டை போடுவாள். அந்த அச்சு அவள் முழுசாகத் தனியாகச் செய்த முதல் அச்சு. அதன் ஒவ்வொரு மூலையையும் அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பிள்ளைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அதில் தகடு வண்ணம் வண்ணமாகத் தெரியும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் எல்லைக்குப் பக்கத்தில். சிவப்பு என்றால் கிழியும். இடதுபக்க மூலையில் மஞ்சள் வந்தது. மஞ்சள்தான், சிவப்பு இல்லை. ஆனால் மஞ்சள் எப்போது சிவப்பாகும் என்று யாருக்குத் தெரியும்? நான் அறிக்கையில் கிழியும் என்று எழுதினேன்.

ஃபர்ஸானா என் அறைக்கு வந்தாள். "சார், இது மஞ்சள்தான?"

"மஞ்சள்தான்ம்மா."

"மஞ்சள்னா தாங்கும்னுதான அர்த்தம்?"

"தாங்கினாலும் தாங்கும்."

"அப்ப ஏன் சார் கிழியும்னு எழுதியிருக்கீங்க?"

"எல்லாத்தையும் கணக்குல கொண்டுவர முடியாதும்மா. நாம கவனிக்காத ஏதாவது ஒண்ணு எப்பவும் இருக்கும்."

"என்ன ஒண்ணு?"

"கவனிச்சா சொல்லிட மாட்டேனா?" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு போனாள். ஆனால் இன்றைக்கும் சொல்கிறேன் சார், அன்று நான் சொன்னது சரி. கவனிக்காத ஒன்று எப்போதும் இருக்கும்.

முதல் தகட்டு நாள். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து குல்கர்ணி என்று ஒருவர் வந்திருந்தார். தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான். நல்ல மனுஷர், நிறையப் பேசுவார். பிரஸ்ஸுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். ஃப்ரீசரிலிருந்து தகட்டை எடுத்துவந்து மேசையில் கிடத்தினார்கள். மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, துணியால் துடைத்தார்கள். நான் பேசினேன்.

பெரிய மனுஷர் வந்திருக்கிறாரே என்று நன்றாகவே தயாரித்திருந்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு முனிரத்தினத்துக்காகத் தமிழில். குல்கர்ணி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். இடையில் சந்தேகம் கேட்டார், பதில் சொன்னேன். அந்தப் பதிலில் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. பிறகு எல்லாரும் புள்ளி வைத்தார்கள். நான் இடதுபக்க மூலையில் வைத்தேன். ஃபர்ஸானா எங்கேயும் வைக்கவில்லை. "என் அச்சு கிழிக்காது சார்" என்று பேனாவை மூடிக் கொடுத்துவிட்டாள். அரை மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. விதிக்கு உள்ளேதான்.

பிரஸ் இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, மண்பானை விரிசல் விடுகிற மாதிரி. எடுத்துப் பார்த்தால் இடது மூலையில் என் புள்ளியின் நடுவாகவே கிழிந்திருந்தது. புள்ளி இரண்டாகப் பிளந்து, இந்தப் பாதி இந்தப் பக்கம், அந்தப் பாதி அந்தப் பக்கம்.

குல்கர்ணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு துல்லியமான கணிப்பை அவர் பார்த்ததே இல்லையாம். நான் அடக்கமாகத்தான் நின்றேன். போண்டா வந்தது. யாரும் தொடவில்லை. குல்கர்ணியும் நானும்தான் சாப்பிட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் வரும்போது என்னை நானே கேட்டுக்கொண்டேன். சம்பந்தம், உனக்கு இதில் சந்தோஷமா? கிழிந்ததில் சந்தோஷமா? இல்லை என்று பதில் வந்தது. பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது தகட்டின்போது என் மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் அப்படி வாடியிருந்தது. எல்லாருமே சோர்ந்துபோய் இருந்தார்கள். இந்த முறை கணக்கு வழக்கு பேச வேண்டாம், ஆறுதலாகப் பேசுவோம் என்று முடிவு செய்தேன். தோல்வி என்பது என்ன, ஓர் அச்சு கிழித்துவிட்டால் அதைச் செய்தவர் கெட்டிக்காரி இல்லை என்று ஆகிவிடுமா, இன்னும் ஒரு தகடு மீதம் இருக்கிறதே என்று. மனசிலிருந்து பேசினால் நீளமாகத்தான் வரும், இல்லையா? பேசிக்கொண்டே தகட்டின் மேல் கை வைத்திருந்தேன். முதலில் ஐஸ் மாதிரி இருந்தது, பேசி முடிக்கும்போது இதமாகக் கை சூட்டுக்கு வந்திருந்தது. அதுவே எனக்கு ஒரு நெகிழ்ச்சியாக இருந்தது.

அதுவும் கிழிந்தது. அதே மூலை.

முனிரத்தினம் கையுறையைக் கழற்றி பிரஸ் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஃபர்ஸானா அங்கேயே நின்றாள். கிழிந்த இடத்தைப் பார்த்தாள். ஃப்ரீசரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"சார், உங்க கணக்குல தகடு ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உடனே அழுத்துறதாத்தான போட்டிருக்கீங்க?"

"ஆமாம், புதுத் தகடுன்னுதான் போடணும்."

"உடனேன்னா, உடனேவா?"

"கம்ப்யூட்டர்ல ஏதும்மா காத்திருக்கிறது? பட்டனைத் தட்டினா பிரஸ் இறங்கிடும்."

"அங்க யாரும் பேச மாட்டாங்க."

"அங்க யாரு இருக்கா பேச?" என்றேன்.

அவள் சிரித்தாள், சார். முதலில் மெதுவாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பகீர் என்றது. இரண்டு தகடு போய்விட்டது, ஒன்றுதான் மீதி, இந்த நேரத்தில் சிரிக்கிறாளே, அதிர்ச்சியில் இப்படி ஆகிவிடுமோ என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீரோடு வந்த முனிரத்தினத்தின் காதில் அவள் ஏதோ சொன்னாள். "இதத்தான மேடம் நாங்க வருஷக்கணக்கா..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர்களுக்குள் ஏதோ பழைய சச்சரவு போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

மூன்றாவது தகடு. கடைசித் தகடு. இது போனால் எல்லாம் போச்சு.

நான் சாப்பிடக்கூட இல்லை. மனைவி இட்லியை வைத்துவிட்டு, "பேசிக்கிட்டே இருக்காதீங்க, ஆறுது" என்றாள். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இது கடைசி அழுத்தம், எல்லாவற்றையும் ஒருமுறை தொகுத்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

போனதும் ஃபர்ஸானா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "சார், குல்கர்ணி சாருக்கு உங்க கலர் படத்த முழுசாப் பார்க்கணுமாம். ஆரம்பத்துலேர்ந்து. உங்க ரூம்ல டீ, பிஸ்கட் எல்லாம் வெச்சிருக்கோம். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"தகடு?"

"தகடு எங்க சார் போகப்போகுது? ஃப்ரீசர்லதான இருக்கு."

நியாயம்தானே? நான் போனேன். குல்கர்ணியும் வந்தார். அவரிடம் ஒருமணிநேரம் பேசலாம், ஒரு சலிப்புத் தெரியாது. திருப்பியும் அவ்வளவு பேசுவார். அவருடைய மாமனார் புனேயில் பாத்திரக்கடை வைத்திருந்தாராம். அண்டாவின் வாயை மடிக்கும்போது விரிசல் எப்படி வரும் என்று ஆரம்பித்தார். நான் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அப்போது கேட்டது, சார். கீழே பிரஸ் இறங்குகிற சத்தம்.

என்னையும் அறியாமல் எழுந்துவிட்டேன். படிகளில் இறங்கி ஓடினேன். இந்த வயசில், இந்தத் தொப்பையோடு. குல்கர்ணி பிஸ்கட்டோடு பின்னால் ஓடிவந்தார்.

எல்லாரும் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில், மேசைமேல், உதடு. முழுசாக. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கீறல் இல்லை. நீங்கள் அதோ பார்க்கிறீர்களே, அப்படியே பளபளவென்று.

என்னைக் கூப்பிடவில்லை. புரிகிறதா, சார்? இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நான் ஒரு வார்த்தை பேசாமலே ஒரு புது உறுப்பு உருவாகிவிட்டது. இதுதான் என் மனக்குறை. நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கிட்டே போனேன். இடது மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு புள்ளி இருந்தது, பக்கத்தில் என் எழுத்து. நான் வைக்காத என் புள்ளி. ஃபர்ஸானா வைத்திருக்கிறாள். "உங்க புள்ளி இல்லாம எப்படி சார் அழுத்துறது?" என்றாள்.

உருண்டையாக வைத்த புள்ளி நீண்டு நெல்மணி மாதிரி ஆகியிருந்தது. தகடு அந்த அளவுக்கு நீண்டிருக்கிறது, ஆனால் விடவில்லை, பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அந்தப் புள்ளிமேல் விரலை வைத்துத் தடவினேன். முன்னும் பின்னும் தடவினேன். பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் விரல் ஒரு விரிசலைத் தேடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், மயிரிழை அளவுக்காவது ஒன்று. கையை எடுத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஃபர்ஸானா மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

குல்கர்ணி ஆங்கிலத்தில் கேட்டார், இந்த முறை என்ன புதிதாகச் செய்தீர்கள் என்று. "புதிதாக ஒன்றும் செய்யவில்லை. எடுத்தோம், அழுத்தினோம்" என்றாள் ஃபர்ஸானா. அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண் கலங்குகிற வரை சிரித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் எச்சரிக்கையால்தான் எல்லாரும் இவ்வளவு ஜாக்கிரதையாக வேலை செய்தார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெளி ஆளுக்குப் புரிகிறது, பாருங்கள். ஆர்டர் எங்களுக்கே வந்தது.

நான் சில நாள் ஃபர்ஸானாவோடு பேசவில்லை. ரோஷம்தான். பக்ரீத் வந்தது, வாணியம்பாடியிலிருந்து பிரியாணி கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. சத்தியமாச் சொல்றேன். அன்னிக்கு நீங்க உங்க ரூம்ல இருந்ததாலதான் அந்தப் பீஸே வந்துச்சு. நீங்க மட்டும் அன்னிக்கு மேல போகலன்னா ஆர்டரே இல்ல."

அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? வாடிக்கையாளரைப் பிடித்து உட்காரவைத்தது யார்? நான்தானே.

ஆனால் என் மூளை சும்மா இருக்குமா? முதல் இரண்டு ஏன் கிழிந்தது, மூன்றாவது ஏன் கிழியவில்லை? எண்ணெய் மாறியதா என்று பார்த்தேன். அதே எண்ணெய். தகடு வேறு வார்ப்பா? ஒரே வார்ப்பு. மழை பெய்து காற்றில் ஈரம் இருந்ததா என்று வானிலை விவரம் வாங்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தைக்கூட விடவில்லை. மூன்றாவது நாள் அவசரத்தில் பழமே வைக்கவில்லையாம், அதனாலா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அறிவியல் படித்தவன் யோசிக்கிற யோசனையா இது? ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். என் கணக்கில் தப்பா, என் மனசில் தப்பா, நான் கிழிய வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேனா, அந்த ஆசை தகட்டுக்குத் தெரிந்துவிட்டதா என்றுகூடப் போனேன். நான் சோதிக்காத ஒரு விஷயம் பாக்கியில்லை.

மனைவியிடம் முழுசாகச் சொன்னேன். உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றுவிடாமல். பாதியிலேயே அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். என்ன என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "போய் அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க. அவ ரொம்ப நல்ல பொண்ணு" என்கிறாள். அந்தப் பெண்ணைக் கேட்டால், "ஆன்ட்டியக் கேளுங்க சார்" என்கிறாள். இரண்டு பேரும் போனில் வேறு பேசிக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. புதிது புதிதாக ஆர்டர் வருகிறது. அதோடு வெளியூரில் பேச அழைப்பும் வருகிறது. கல்லூரி, கருத்தரங்கு, கண்காட்சி என்று ஃபர்ஸானாவே தேடிப்பிடித்து ஏற்பாடு செய்து டிக்கெட்டும் போட்டுவிடுகிறாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாமாம், நேரக் கட்டுப்பாடே இல்லையாம். தகடு கிகடு ஒன்றும் இருக்காது, வெறும் மாணவர்கள்தான். ஒரே வருத்தம், எங்கேயாவது அனுப்பினால் அது சரியாக முதல் அழுத்த நாளாகவே அமைந்துவிடுகிறது. இன்றைக்கும் பாருங்கள், கதவுச் சட்டம் ஒன்று, உதட்டைவிடக் கஷ்டமானது. கம்ப்யூட்டரில் மஞ்சள் காட்டியது. நான் கிழியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அதுதான் காலையிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களிடம் பேசுவதால் கொஞ்சம் தேவலை.

ஒரு நிமிஷம், போன் அடிக்கிறது. செய்திதான், எங்கள் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில்.

வந்துவிட்டதாம், சார். கிழியவில்லையாம். படம் அனுப்பியிருக்கிறாள், பாருங்கள். ஒரு கீறல் இல்லை. அதோ மூலையில் என் புள்ளி, நெல்மணி மாதிரி. எப்போதும் வைத்துவிடுகிறார்கள், நான் இல்லாவிட்டாலும்.

ஷிஃப்ட் ஆரம்பித்தே கொஞ்ச நேரம்தானே ஆகிறது, அதற்குள் அழுத்திவிட்டார்களா? எதற்கு இவ்வளவு அவசரம்? ஒருத்தராவது இரண்டு வார்த்தை பேசியிருப்பார்களா?

சரி, பதில் போடுகிறேன். 'வாழ்த்துகள்.' அதோடு நிறுத்தினால் நன்றாக இருக்குமா? இருக்காது. இந்த மூலை ஏன் தாங்கியது என்று ஒரு சின்னக் குறிப்பாவது... போனைத்தானே? இதோ அணைத்துவிடுகிறேன்ம்மா, ஒரே நிமிஷம். பனி விலகிவிட்டதா? கதவை மூடுகிறார்களா? சரி சரி, அணைக்கிறேன். அடடா, கை பட்டுப் போய்விட்டதே. 'வாழ்த்துகள்' மட்டும் போய்விட்டது. வெறும் ஒரு வார்த்தை. என்ன நினைத்துக்கொள்வார்களோ.

இருங்கள், அதற்குள் பதில் வருகிறது. ஃபர்ஸானா கைதட்டுகிற படம் போட்டிருக்கிறாள். முனிரத்தினமும். இதோ இன்னொருத்தர். பிரஸ் பிரிவில் இருக்கிற அத்தனை பேரும் வரிசையாகக் கைதட்டுகிறார்கள், சார், நிற்கவே இல்லை.

எத்தனையோ வருஷம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஒருநாளும் இப்படிக் கைதட்டியதில்லை.